நாடாவில் உறங்கும் குரல்கள்

தளேகாவில் ஆடி, ஆவணி மாதங்களில் வெயிலைக் காண்பது அருமை. லோணாவளாப் பக்கத்து மலைமேகம் வீட்டு அலமாரிக்குள்ளும் ஈரத்தைக் கொண்டு சேர்த்துவிடுகிறது. சென்ற மழைக்காலத்தில் அலமாரியைத் துடைக்கும்போது, 1998-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் நடைபெற்ற என் தமக்கையின் திருமண வீடியோ நாடா கைக்கு வந்தது. கருநாடாவின் விளிம்பில் வெண்மையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அந்நாடாவில் என் தந்தையார் பந்தியில் நின்று, "ஏலே, அண்ணாச்சி இலையைப் பாரு" என்று பரிமாறுவோரை ஏவும் காட்சி ஒன்று உண்டு. அவர் இன்று இல்லை. அவர் குரல் பதிவானது அந்த ஓரிடத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பே இதனை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றியிருந்தேன். தொடக்கம் செம்மையாகவே இருந்தது. நேரம் செல்லச் செல்ல ஒலி பின்தங்கிற்று. தாலி கட்டி முடிந்த பின்னர் கெட்டிமேளம் முழங்கியது. பந்தியிலோ அப்பா வாய் மூடிய பிறகே அவர் குரல் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

பிழை தட்டில் இல்லை. தட்டில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தத்தில்தான் இருந்தது. பழைய நாடாவின் படம் நடுங்கும் இயல்புடையது. அதனைக் கணினியில் ஏற்றுகையில் சில படச் சட்டங்கள் தவறிவிடும். ஒலியோ தவறாது ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே படம் குறைந்து முந்துகிறது, ஒலி பிந்துகிறது. ரயில்வே எழுத்தனாகிய எனக்கு, வெவ்வேறு கடிகாரங்களை நம்பி ஓடும் இரு வண்டிகளே நினைவுக்கு வந்தன.

நம் அன்பர்கள் இத்துயரை அடையாதிருக்கும் பொருட்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பூஞ்சணம் கண்ட நாடாவை இயந்திரத்தில் போட்டுப் பார்க்கலாகாது. அது இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்து வரும் நாடாக்களுக்கும் பரவும். அறிந்தவரிடம் கொடுத்துத் துடைப்பித்த பின்னரே ஓட்ட வேண்டும். மேலே ஏதும் பதிவாகிவிடாதபடி, நாடாவின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை முன்னரே உடைத்துவிடுக.

இரண்டாவது, அவசரம் கூடாது. மூன்று மணி நாடா கணினியில் ஏற மூன்று மணி நேரமே ஆகும். நம் நாட்டுப் பால் முறையில் நொடிக்கு 25 சட்டங்கள், டி.வி.டி.க்குரிய அளவு 720க்கு 576 புள்ளிகள். டி.வி. என்னும் முறையில் சேமித்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. இடம் வேண்டும். முழு நாடாவையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், அரை மணிக்கு ஒரு பகுதியாக ஏற்றுக. பிழை நேர்ந்தாலும் வளராது.

மூன்றாவது, ஒலியை முதலில் கவனிக்க வேண்டும். நாகசுரமும் தவிலும் உச்சத்தில் ஒலிக்கும் இடத்தை வைத்து அளவை அமைத்துக்கொள்க. அங்கே சிதைந்த ஒலியைப் பின்னர் எவராலும் திருத்த இயலாது. இசைத்தட்டின் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்டது, வீடியோ டி.வி.டி.க்கு 48,000 என்று அமைப்பதே முறை. இரைச்சலை நீக்க முற்பட்டு மனிதக் குரலையும் தேய்த்துவிடாதீர்கள்.

நான்காவது, சாதாரணத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜி.பி. மட்டுமே. இரண்டு மணிக்கு மேற்பட்டதைத் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். இரு தட்டுகளாகப் பிரிப்பதே நன்று. குறைந்த வேகத்தில் எழுதி, முடிப்புச் செய்து, வீட்டு டி.வி.டி. பெட்டியில் இறுதிவரை ஓட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது, தட்டு வந்துவிட்டதென்று மூல நாடாவை எறிந்துவிடாதிருத்தல். 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றிய இதே புனேயில், 2003 ஜனவரி 8-ஆம் நாள் மூண்ட தீயில் அதன் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் அழிந்தன. காப்பகத்திற்கே அந்நிலையெனில், நம் அலமாரி எம்மாத்திரம்? ஆகவே ஒரு பிரதி தட்டிலும், ஒன்று கணினிப் பேழையிலும், மற்றொன்று ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். நாடா ஓட்டும் இயந்திரங்களைச் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாயும் 2016-இல் அவ்வேலையை நிறுத்திவிட்டது. இருக்கும் இயந்திரங்களும் பழுதாவதற்குள் முந்திக்கொள்ளுதல் நலம்.

நான் எறியாமல் வைத்திருந்ததால் அந்நாடா பிழைத்தது. புனேயில் அதனைத் துடைப்பித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டுப் புதிதாக ஏற்றினேன். பந்திக் காட்சி வந்தது. அப்பாவின் வாயும் குரலும் ஒன்றாகவே அசைந்தன. அம்மா இம்முறை எழுந்து போகவில்லை. "அந்த இடத்தை இன்னொரு தடவை போடு" என்றார்கள்.