பூசி மறைக்கும் முன்

கூரைத் தளத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி நாமே பூசிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து பூசாதீர்கள். துருவாக மாறும் இரும்பு பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தம்தான் கான்கிரீட்டைப் பிளந்தது. புதுப் பூச்சையும் அதுவே தள்ளிவிடும். அதுவரை உள்ளே கம்பி மெலிவது யார் கண்ணுக்கும் தெரியாது.

முதல் வேலை, படம் எடுப்பது. விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால், அது இன்னும் வளர்கிறது.

இந்தப் படங்கள் உங்கள் உரிமைக்கும் சாட்சி. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டத்தில் வீடு வாங்கியிருந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு துணை நிற்கிறது. வீடு கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். புகாரை எழுத்தில் கொடுங்கள். நகலும் ஒப்புகையும் கையில் இருக்கட்டும். சொந்த மனையில் ஒப்பந்ததாரர் கட்டிய வீடானால், புகாருக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை; ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் இல்லாவிட்டால் வழக்கு தள்ளாடும். வாடகை வீட்டில் கட்டமைப்புப் பழுது, குடியிருப்பவரால் வந்த சேதமாக இல்லாதவரை, வீட்டுக்காரர் பொறுப்பு.

பீம், தூண், கூரை மூன்றிலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகு, முட்டுக் கொடுத்துத்தான் கொத்தனாரே உடைக்க வேண்டும்.

வாசற்படி முனை, முற்றத்துத் தரை போன்றவற்றைத் தாராளமாக நீங்களே செய்யலாம். ஆடும் துண்டுகளைக் கொத்தி எடுத்து, தூசியைக் கழுவி, ஈரம் காயுமுன் கலவையை அழுத்தி அடையுங்கள். கொத்தும்போது கண்ணாடியும் முகக்கவசமும், கலவை தொடும்போது ரப்பர் கையுறையும் அவசியம்; ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டையில் பலம் குறைந்திருக்கும். பலரும் கோட்டைவிடுவது கியூரிங்கில்தான். ஈரச் சாக்குப் போட்டு, குறைந்தது 7 நாள், வெயில் காலத்தில் 10 நாள், காயவிடாமல் தண்ணீர் காட்டுங்கள்.