லுவாங்வாக் கரையில் ஒரு கூடாரம்

'சபாரி' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுவன ஒரு ஜீப் வண்டியும், அதன் பின்னே எழும் புழுதிப் படலமும், வண்டிக்குள் இருந்தபடியே கமராவை நீட்டும் உல்லாசப் பயணிகளுமே. ஆனால் அச்சொல்லுக்கும் மோட்டார் வண்டிக்கும் பிறப்பிலே யாதொரு தொடர்பும் இல்லை. அரபு மொழியின் 'ஸபர்' என்ற சொல்லை அடியாகக் கொண்டு கிழக்காபிரிக்கச் சுவாகிலி மொழியில் வழங்கிய அச்சொல்லுக்குப் 'பயணம்' என்பதே பொருள். தந்தத்தையும் துணியையும் தலைச்சுமையாகக் கொண்டு, ஒருவர் பின் ஒருவராக மனிதர் நாட்கணக்கில் நடந்து சென்ற பயணங்களும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டன.

பின்னர் வேட்டைக்காரர் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டனர். 1909ஆம் ஆண்டில், அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியோடோர் ரூஸ்வெல்ற் கிழக்காபிரிக்காவுக்குச் சென்றபோது, 200க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் அவருடைய குழுவின் மூட்டைகளைச் சுமந்து நடந்தனர். நூதனசாலைக்கென அக்குழு கொன்றும் பிடித்தும் திரட்டிய உயிரினங்கள், பூச்சி முதல் யானை ஈறாக, 11,000க்கும் அதிகம். வேட்டைக்காரனின் பின்னே மோட்டார் வண்டி வந்தது. வண்டி வந்ததும் கால்கள் ஓய்வு பெற்றன.

ஓய்வு பெற்ற கால்களுக்கு மீண்டும் வேலை கொடுத்த இடங்களுள் முதன்மையானது ஸாம்பியா நாட்டின் லுவாங்வாப் பள்ளத்தாக்கு. அங்கே நதிக்கரையில் அமைந்த கூடாரங்களில் தங்கிக் காட்டை நடந்து காண்பதற்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடத் தோன்றலாம். எனினும், காடு யாருக்கு உரியது என்ற பழைய வினாவுக்கு அப்பள்ளத்தாக்கு ஒரு விடை சொல்ல முயன்றிருக்கிறது. அவ்விடை நம் கவனத்துக்கு உரியது.

ஒரு நதியும் ஓர் உடன்பாடும்

லுவாங்வா நதி ஸாம்பியாவின் கிழக்குப் பகுதியில் ஓடி ஸாம்பேசிப் பேராற்றுடன் கலக்கிறது. அதன் குறுக்கே பேரணை எதுவும் கட்டப்படவில்லை. ஆகவே மழைக்காலத்தில் அது தன் விருப்பம்போலக் கரைகளை உடைக்கும். பழைய வழியைக் கைவிட்டுப் புதுவழி காணும். கைவிடப்பட்ட வளைவுகள் பிறைவடிவக் குளங்களாகித் தேங்கி நிற்கும். நதியிலும் இக்குளங்களிலும் நீர்யானைகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத ஒருவகை ஒட்டகச்சிவிங்கி, சில நூறு என்ற அளவில், இப்பள்ளத்தாக்கிலேயே உலவுகிறது.

இங்கே யானைகளைக் கட்டுப்படுத்தும் உத்தியோகத்தராக இருந்தவர் நோர்மன் கார் என்ற ஆங்கிலேயர். 1912இல் மொசாம்பிக்கிலே பிறந்தவர். பயிரை அழிக்கும் யானைகளைச் சுட்டு வீழ்த்துவது அவருடைய கடமை. யானையின் பெருமையையும் உழவனின் துயரையும் ஒருங்கே காணும் வாய்ப்பை அந்த உத்தியோகம் அவருக்கு அளித்தது. 1950ஆம் ஆண்டில் அவர் குண்டா மக்களின் தலைவர்களுள் ஒருவரான ந்ஸெஃபுவை அணுகி ஒரு யோசனையை முன்வைத்தார். தலைவர் தம் மக்களின் நிலத்தில் ஒரு பகுதியை விலங்குகளுக்கென ஒதுக்க வேண்டும்; அங்கே துவக்கை விடுத்துக் கமராவுடன் வருவோர் தங்குவதற்கு ஒரு முகாம் அமைக்கப்படும்; அதனால் வரும் வருமானம் அம்மக்களையே சேரும். தலைவர் இசைந்தார்.

அக்காலத்தில் அந்நாடு வட ரொடீசியா என்ற பெயருடன் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. காடும் காட்டு விலங்கும் முடிக்குரியவை என்பதே ஆட்சியாளரின் எண்ணம். தம் மூதாதையர் வேட்டையாடிய மண்ணில் ஒரு மானைக் கொன்ற கிராமத்தவன் 'திருட்டு வேட்டைக்காரன்' எனப்பட்டான். அனுமதிச் சீட்டுடன் வந்து யானையைக் கொன்ற அந்நியர் 'கனவான்' எனப்பட்டார். இந்த நிலையிலே, காட்டின் அருகில் வாழ்பவனுக்குக் காட்டினால் நன்மை உண்டானாலன்றிக் காடு பிழைக்காது என்று ஓர் அரசாங்க உத்தியோகத்தர் கருதியது சாதாரணச் செய்தியன்று.

1960களின் தொடக்கத்தில் கார் விருந்தினரைக் கால்நடையாகவே காட்டுக்குள் அழைத்துச் செல்லத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்னர், 1959இல், தென்னாபிரிக்காவின் சூலூலாந்தில் இயன் பிளேயர் என்பவரும் இத்தகைய நடைப்பயணங்களை ஆரம்பித்திருந்தார். 1964இல் ஸாம்பியா சுதந்திரம் பெற்றது. 1972இல் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு 9,050 சதுர கிலோமீற்றர்.

வரிசையில் ஒருவராய்

கூடாரம் என்றதும் சாரணர் பாசறையை எண்ணிவிடலாகாது. இம்முகாம்களின் கூடாரங்களில் வெண்விரிப்புடன் கட்டிலும், கொசுவலையும், எழுதுமேசையும் உண்டு. வானமே கூரையாகக் குளியலறை உண்டு. விறகடுப்பிற் காய்ச்சிய வெந்நீரை வாளியில் ஏற்றிக் குளிக்கச் செய்வர். ஓர் இரவுக்குப் பல நூறு டொலர் செலவாகும். ஆயினும் காட்டின் உட்புறத்தேயுள்ள சிறு முகாம்கள் பலவற்றில் ஒரே வேளையில் தங்குவோர் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை. புல்லாலும் மரக்கொம்புகளாலும் ஆன அவற்றை மழைக்கு முன்னர் பிரித்தெடுத்து விடுவார்கள். வெள்ளம் வந்து சுவடுகளைத் துடைத்துச் செல்லும். வெள்ளம் வடிந்தபின் மீண்டும் கட்டுவார்கள். நதியின் அனுமதியுடன் ஆண்டுதோறும் சில மாதங்கள் மட்டுமே மனிதன் அங்கே குடியிருக்கிறான்.

இரவிலே விருந்தினர் தனியாக நடமாடலாகாது. உணவு முடிந்ததும் காவலாள் ஒருவர் விளக்குடன் வந்து கூடார வாயில்வரை கொண்டுபோய் விடுவார். இருளில் நீர்யானைகள் கரையேறி மேயும். அவற்றின் கனத்த உறுமல் கூடாரத்தின் அருகிலே கேட்கும். மனிதனுக்கும் வனவிலங்குக்கும் இடையே உள்ளது ஒரு துணித்திரை மட்டுமே.

விடியலில் நடை தொடங்குகிறது. முன்னே துவக்கேந்திய வனக்காவலர்; அவரையடுத்து வழிகாட்டி; பின் விருந்தினர் ஐந்தாறு பேர்; கடைசியில் தேநீர்ப் பொருள்களைச் சுமந்து வருபவர். ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் ஆடை கூடாது. உரத்த பேச்சு கூடாது. வழிகாட்டி சிறிது புழுதியைக் கையில் எடுத்து விட்டுக் காற்றின் திசையை அறிவார். காற்று நம்மிடமிருந்து விலங்கை நோக்கி வீசினால் நம் வாடையை அது முன்னரே அறிந்துகொள்ளும். மோட்டார் வண்டியிற் செல்பவனுக்குக் காற்றின் திசையைப் பற்றிக் கவலையில்லை. நடப்பவனுக்கோ அதுவே முதற்பாடம்.

அடுத்த பாடம் தரையிலே எழுதப்பட்டிருக்கிறது. சிங்கத்தின் தடத்தின்மேல் சிறு பூச்சி ஊர்ந்த கோடு விழுந்திருந்தால் சிங்கம் சென்று நேரமாகிவிட்டது எனலாம். தடத்தின் விளிம்பு உதிராமற் கூராக இருந்தால் அது இப்போதுதான் சென்றிருக்கிறது. யானையின் முன்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் ஏறக்குறைய அதன் தோளுயரம் கிடைக்கும். மாட்டின் முதுகிலே உண்ணி பொறுக்குவது போல எருமையின் முதுகிலிருந்து உண்ணி பொறுக்கும் சிறுபறவைகள் திடீரெனக் கத்திக்கொண்டு எழுந்தால், புதருக்கு அப்பால் ஒரு காட்டெருமை நிற்கக்கூடும் என்று வழிகாட்டி நின்றுவிடுவார். அவருடைய கல்வி ஏட்டளவில் நிற்பதன்று. ஆபத்தான விலங்குகளுக்கிடையே பிறரை நடத்திச் செல்பவர் கடுமையான பரீட்சைகளிற் சித்தியடைந்தே அவ்வுரிமையைப் பெறுகிறார்.

நடையில் பெருவிலங்குகளை அடுத்துக் காணும் வாய்ப்பு வண்டியிற் போவதைவிடக் குறைவு. யானை எதிர்ப்பட்டால் குழு வேறுவழியில் விலகிச் செல்வதும் உண்டு. துவக்கு இறுதிக் காவலுக்கே உரியது; அதைச் சுடாமலே திரும்புவதுதான் வழிகாட்டியின் திறமை. ஆனால் வண்டியிற் போகிறவன் காணாத வேறோர் உலகம் காலடியிலே திறக்கிறது. மணலிலே புனல்போற் குழி பறித்து, எறும்பு சறுக்கி விழும்வரை அடியிற் காத்திருக்கும் பூச்சி ஒன்று அங்கே உண்டு. தமிழிலே நாம் அதனைக் குழியானை என்போம். யானையைக் காணச் சென்றவன் குழியானையின் அருகே குந்தியிருக்கிறான். காட்டிலே பெரியது இது, சிறியது அது என்று தான் கொண்டிருந்த அளவுகோலை அவன் அங்கே மாற்றிக்கொள்ள நேர்கிறது. தன்னையும் அப்புதிய அளவுகோலால் அளந்து பார்க்கிறான்.

மாங்கனியும் சோளக்கதிரும்

பூங்காவின் நுழைவாயிலை அண்டியுள்ள ஊர் மிஃபுவே. அங்குள்ள பெரிய விடுதி ஒன்றின் வரவேற்பு மண்டபத்தின் ஊடாகக் காட்டு யானைகள் நடந்து சென்று முற்றத்திலுள்ள காட்டு மாங்கனிகளைத் தின்பது உலகறிந்த காட்சி. யானையின் பழைய பாதையிலே விடுதியை எழுப்பிவிட்டார்கள். யானை தன் பாதையை மாற்றவில்லை. விருந்தினர் மூச்சை அடக்கி நின்று படம் பிடிக்கின்றனர்.

நதிக்கு இப்பால் ஒரு குண்டா உழவனின் வயலுக்குள்ளும் யானை வருகிறது. அங்கே அது தின்பது சோளம். ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு அழிந்துவிடக்கூடும். மிளகாயைச் சாணத்துடன் கலந்து புகைத்தும், மிளகாய் பூசிய கயிறுகளை வேலியாகக் கட்டியும் விரட்டப் பார்க்கிறார்கள். விடுதியில் விருந்தாளியாக வரும் யானை வயலில் கொள்ளைக்காரனாகிறது. கூடாரத்து இன்பத்தைப் பேசுவோர் இவ்விரு காட்சிகளையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

உழவன் வாடும் இடத்தில் கண்ணி முளைக்கும். 1970களிலும் 1980களிலும் தந்தத்துக்கும் காண்டாமிருகக் கொம்புக்குமாக இப்பள்ளத்தாக்கு சூறையாடப்பட்டது. யானைத் தொகை பெரிதும் வீழ்ந்தது. காண்டாமிருகம் முற்றாக மறைந்தது. 2003இலேதான் வடக்கு லுவாங்வாவில் வெளியிலிருந்து கொணர்ந்து மீண்டும் விடப்பட்டது. வாங்கியவர் தொலைநாட்டுச் செல்வர். சுட்டவன் பெரும்பாலும் உள்ளூர் வறியவன். 2003இல் தொடங்கிய கொமாக்கோ என்னும் நிறுவனம் துவக்கையும் கண்ணியையும் ஒப்படைத்தவர்களுக்கு விவசாயம் பயிற்றி, அவர்கள் விளைவிப்பதை நல்ல விலைக்கு வாங்கி வருகிறது. ந்ஸெஃபுவின் உடன்பாட்டை அடியொற்றிய முயற்சி இது என்று சொல்லலாம்.

அவ்வுடன்பாடு இன்று எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது? வழிகாட்டிகளும் சமையற்காரரும் காவலாளரும் அயற்கிராமங்களிலிருந்து வருகின்றனர். பாடசாலைகள் சிலவற்றுக்கு முகாம்கள் உதவுகின்றன. மறுபுறத்தில், முகாம்களின் உரிமையாளருள் வெளிநாட்டவரும் உளர். அங்கே ஓர் இரவு தங்கும் செலவை அயலிலுள்ள உழவன் பல மாதங்கள் உழைத்தும் ஈட்ட முடியாது. 2020இல் பெருந்தொற்று உலகின் விமான நிலையங்களை மூடியபோது முகாம்கள் வெறிச்சோடின. வருமானம் முழுவதையும் தொலைநாட்டு விருந்தினரின் வருகையிலே கட்டிவைப்பது எத்துணை அபாயம் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

குறைகள் இருக்கின்றன என்பதற்காக அம்முயற்சியைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. வேலியிட்டு மக்களை வெளியே நிறுத்திய காடுகள் பல அழிந்தன. மக்களைப் பங்காளியாக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்கிய இக்காடு, காயங்களுடனேனும், இன்னும் நிற்கிறது. நடைப்பயணத்தின் வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். துவக்குடன் முன்னே செல்பவரும், தடம் பார்த்துச் சொல்பவரும், தேநீர் சுமந்து பின்னே வருபவரும் பெரும்பாலும் அம்மண்ணின் மைந்தர். பொருள் படைத்த விருந்தினர் அவர்களுக்கு நடுவே, அவர்களின் அறிவை நம்பி, அவர்கள் நில் என்றால் நின்று, நட என்றால் நடக்கிறார். காட்டுக்குள் இருக்கும் அந்த மூன்று மணி நேரம் காட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. முகாமின் கணக்கேட்டிலும் அந்த வரிசை அவ்வாறே எழுதப்படும் நாளில்தான் 1950ஆம் ஆண்டின் வாக்கு முழுமையாக நிறைவேறியதாகும்.