கூலிக்காரனைக் கதாநாயகனாக்கிய கோடு

2008ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கு முதன்முறையாக ஒரு சிங்கப்பூர்ப் படம் தேர்வானது. அது தமிழ் பேசிய படம். பெயர் 'மை மேஜிக்'. குடியால் சீரழிந்த ஒரு மந்திரவித்தைக்காரர், தம் மகனுக்காக நெருப்பை விழுங்கி, கண்ணாடியைக் கடித்து, உடம்பையே காட்சிப்பொருளாக்கிப் பிழைக்கும் கதை. நிஜத்திலும் வித்தைக்காரரான போஸ்கோ ஃபிரான்சிஸ் நடித்தார், எரிக் கூ இயக்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் அதே விழாவுக்கு 'தட்சுமி' என்ற அசைவூட்டப் படத்துடன் போனார். அது ஒரு ஜப்பானிய மங்கா ஓவியரின் வாழ்க்கை. முதல் படத்தை நம் ஆட்கள் இன்னமும் பெருமையோடு சொல்கிறார்கள். இரண்டாவதைப் பார்த்த தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். உடம்பைக் கூலிக்கு விற்கிறவன், வாய் திறந்து தன் வேதனையைச் சொல்லத் தெரியாதவன், பெரிய நகரத்தின் சின்ன அறையில் முடங்கிக் கிடக்கிறவன். இரண்டிலும் மையத்தில் இருப்பவன் இப்படிப்பட்டவன்தான். எரிக் கூ திரைப்படத்துக்கு வருமுன் காமிக்ஸ் வரைந்தவர். 1989இலேயே நகரத்துச் சோகக் கதைகளை ஒரு படக்கதைத் தொகுப்பாக வெளியிட்டார். தட்சுமியின் சிறுகதைகள் கையில் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த ஜப்பானியக் கிழவரின் கோடு சுற்றி வளைந்து ஒரு சிங்கப்பூர்த் தமிழ் அப்பாவின் மேலும் விழுந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

யோஷிஹிரோ தட்சுமி 1935இல் ஒசாகாவில் பிறந்தார். போரில் தோற்ற நாடு, வீட்டில் வறுமை, நோயாளி அண்ணன். பள்ளிப் பருவத்திலேயே புகழ்பெற்ற மங்கா ஓவியர் ஒசாமு தெசூகாவை நேரில் சந்தித்து, நீண்ட கதைகள் வரையும்படி அவரிடமிருந்தே ஊக்கம் பெற்றவர். அப்போது ஜப்பானில் வாடகைப் புத்தகக் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. சில்லறைக் காசு கொடுத்துப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தரலாம். கிராமத்திலிருந்து நகரத்துத் தொழிற்சாலைக்கு வந்த இளைஞர்களும் அங்கே வாடிக்கையாளர்கள். பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குக் குட்டி முயலும் குறும்புப் பையனும் எத்தனை நாளைக்குப் போதும்? அந்த வாசகனுக்காகத் தட்சுமி வரைந்தார்.

1956இல், தமது 21ஆம் வயதில், 'பிளாக் பிளிஸர்ட்' என்ற முழுநீளக் கதையை 20 நாளில் வரைந்து முடித்தார். ஒரே கைவிலங்கில் பூட்டப்பட்ட இரண்டு கைதிகள். ஒருவன் பியானோ வாசிப்பவன், மற்றவன் சூதாடி. ரயில் விபத்துக்குள்ளாக, இருவரும் பனிப்புயலுக்குள் தப்பி ஓடுகிறார்கள். விலங்கை உடைக்க வழியில்லை, யாராவது ஒருவர் கையை இழந்தாக வேண்டும். கதை இவ்வளவுதான். பக்கமெங்கும் சாய்கோடுகள் வெட்டிக்கொண்டு போகும். பனி எது, காற்று எது, பயம் எது என்று பிரிக்க முடியாது. ஒரு நொடியில் முடிகிற செயலை நான்கைந்து கட்டங்களாக நீட்டுவார். கை நகரும், கண் திரும்பும், கதவு பாதி திறக்கும், பேச்சு ஒன்றும் இருக்காது. திரைப்படத்தில் கேமரா செய்கிற வேலையைப் பேனா முனையில் செய்துபார்த்தார். நண்பர் மசாஹிகோ மட்சுமோட்டோவும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தார்.

1957இல் இந்தப் பாணிக்குத் தட்சுமி 'கெகிகா' என்று தனிப்பெயர் வைத்தார். இது சிறுவர்களுக்கானது அல்ல என்பதை அட்டையிலேயே சொல்லிவிடும் ஏற்பாடு அது. 1959இல் எட்டு ஓவியர்கள் சேர்ந்து 'கெகிகா பட்டறை' தொடங்கி, அறிக்கையும் அச்சிட்டு அனுப்பினார்கள். பின்னாளில் 'கோல்கோ 13' தொடரால் பெரும்புகழ் அடைந்த தகாவோ சைட்டோவும் அதில் ஒருவர். அடுத்த ஆண்டே பட்டறை கலைந்துவிட்டது, ஆனால் பாணி நிலைத்தது. தெசூகாவே பிறகு இருண்ட, கனத்த கதைகளின் பக்கம் திரும்பினார்.

தட்சுமியின் உச்சம் என்று நான் சொல்வது 1969 முதல் 1972 வரையிலான சிறுகதைகளை. ஜப்பானின் பொருளாதாரம் பாய்ச்சலில் போன ஆண்டுகள் அவை. எங்கும் புதிய கட்டடம், புதிய ரயில். தட்சுமியோ ரயிலுக்குள் பயணிகளைத் தள்ளி அடைக்கிறவனை வரைந்தார், சாக்கடை சுத்தம் செய்கிறவனை வரைந்தார், தாயை வைத்துக் காப்பாற்ற முடியாமல் தவிக்கும் குப்பைக்காரனை வரைந்தார். 1969இல் வந்த கதைகளில் பெரும்பாலானவை எட்டே பக்கங்கள். கதைக்குக் கதை பெயரும் தொழிலும் மாறும், முகம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தட்டையான மூக்கு, களைத்த கண்கள், இறுகிய வாய். பல கதைகளில் அவன் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசித் தீர்ப்பார்கள், அவன் கேட்டுக்கொண்டு நிற்பான். ஒரு கதையில் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன் அறையில் குரங்கு வளர்க்கிறான். விபத்தில் ஒரு கை போகிறது, வேலையும் போகிறது. இனி அதற்குச் சோறு போட முடியாது என்று மிருகக்காட்சி சாலையின் குரங்குக் கூட்டத்தில் விட்டுவிடுகிறான். தன் இனத்தோடு வாழட்டும் என்ற எண்ணம். அந்தக் கூட்டம் அதைக் குதறிக் கொன்றுவிடுகிறது.

'ஹெல்' என்ற 1971ஆம் ஆண்டுக் கதையைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம். குண்டு விழுந்த ஹிரோஷிமாவுக்குள் நுழையும் இராணுவப் புகைப்படக்காரன், ஒரு சுவரில் இரண்டு மனிதர்களின் நிழல் கருகிப் பதிந்திருப்பதைப் படமெடுக்கிறான். தாய் உட்கார்ந்திருக்கிறாள், மகன் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துவிடுகிறான். ஆண்டுகள் கழித்து அந்தப் படம் வெளியாகி, உலகமே கண்ணீர் விடுகிறது. தாயன்பின் சின்னம், அமைதியின் சின்னம் என்று புகழ் வந்து குவிகிறது. அப்போதுதான் செத்துப்போனதாக எல்லாரும் நம்பிய மகன் உயிரோடு வந்து நிற்கிறான். சுவரில் இருந்தது அவன் நிழல் இல்லை. அவன் ஏவிவிட்ட நண்பன் அந்தத் தாயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நொடி அது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. முதலில் பார்த்தபோது அன்பாகத் தெரிந்த அதே இரண்டு கைகள் இப்போது கொலைக் கைகள். எழுத்தில் இதைச் செய்வதாக இருந்தால் முதலில் ஒரு பொய்யைச் சொல்லியாக வேண்டும். வரைந்து காட்டும்போது பொய்யே தேவைப்படவில்லை. வரைகதை இலக்கியத்துக்குத் தம்பிதான் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

அவர் கதைகளில் இருள் அதிகம், பெண்கள் சரியாக உருப்பெறவில்லை என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2005இலிருந்து கனடாவின் டிரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம், ஓவியர் ஏட்ரியன் டொமினியைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலத் தொகுப்புகளை வெளியிட்டது. 800 பக்கத்துக்கும் மேல் நீளும் தன்வரலாற்று வரைகதை 'எ டிரிஃப்டிங் லைஃப்', 1945இல் பேரரசர் சரணடைவை அறிவித்த நாளில் தொடங்கி 1960இன் போராட்டங்கள் வரை ஓடுகிறது. வரைந்து முடிக்க 11 ஆண்டுகள் ஆயின. 2009இல் அதற்குத் தெசூகா பெயரிலான ஜப்பானிய விருதும் 2010இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகளும் கிடைத்தன. அதைப் படித்த வேகத்தில்தான் எரிக் கூ படமெடுக்க முனைந்தார். அந்தத் தன்வரலாற்றையும் ஐந்து சிறுகதைகளையும் கோத்து, சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் பாத்தாம் தீவில் அசைவூட்ட வேலை நடந்தது. தட்சுமியே தம் குரலில் கதை சொன்னார். ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவுக்குச் சிங்கப்பூரின் சார்பாகச் சென்றது அந்த ஜப்பானிய மொழிப் படம்தான். 2015 மார்ச்சில் தட்சுமி காலமானார்.

இனி சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

தெம்பனிஸ் ஹப்பில் இருக்கும் வட்டார நூலகத்துக்குப் பள்ளி விட்ட நேரத்தில் போய்ப் பாருங்கள். சீருடையோடு, பையைக்கூடக் கழற்றாமல், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மங்கா படித்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. படிப்பதோடு நிற்காமல் வரைபவர்களும் உண்டு. உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண், எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் இருப்பவள், தன் வரைபுத்தகத்தைக் காட்டினாள். கை நன்றாகப் பழகியிருக்கிறது. கண்ணுக்குள் வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளையை விட்டுவிடும் நுணுக்கம், காற்றில் முடி பறக்கும் வேகம், எல்லாம் பிசகில்லாமல் வந்திருந்தது. வரைந்திருந்தது முழுக்க ஜப்பானியப் பள்ளி மாணவிகள். மாலுமிச் சட்டை, செர்ரிப் பூ, ஒசாகாவில் ஓடுவது போன்ற ரயில். அவளுடைய தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷார் கிளம்பியபோது கூட வேலை செய்தவர்கள் பலர் ஊர் திரும்ப, இங்கேயே தங்கிப் பல வேலை பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். அந்தக் கதை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"தாத்தா கதையை வரையலாமேம்மா" என்றேன்.

"யோசிச்சேன் அங்கிள். ஆனா தமிழ் எழுத்து பலூனுக்குள்ள அடங்க மாட்டேங்குது. ஆங்கிலத்துல எழுதினா தாத்தா பேசுற மாதிரியே இல்ல."

சாக்குச் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக இறங்குவது, அதனால் மங்காவின் பலூன்கள் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். நம்முடைய 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' அந்தப் பலூனுக்குள் நுழைந்தால் நான்காக உடையும். கட்டத்தை வரையும் முன்பே தமிழ் வசனத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும், பலூனை அகலமாக்க வேண்டும், பேச்சைச் சுருக்க வேண்டும். சிவகாசியில் இந்த வித்தை அரை நூற்றாண்டாக நடக்கிறது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஐரோப்பியப் பக்கங்களில் தமிழை அழகாக உட்கார வைத்தவை. இரும்புக்கை மாயாவியைத் தமிழில் பேச வைத்த கைகளுக்கு ஒரு சிங்கப்பூர்த் தாத்தாவைப் பேச வைப்பது கஷ்டமா? தட்சுமியிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. அவருடைய நாயகன் பேசுவதே இல்லை. நம் தாத்தாக்களும் வீட்டில் அதிகம் பேசியவர்கள் இல்லை.

இங்கேதான் என் கவலை. தமிழில் நமக்குக் கிடைத்த காமிக்ஸ் பெரும்பாலும் பிற நாட்டு வீரர்களின் மொழிபெயர்ப்பு. ரசித்தோம், வளர்ந்தோம், மீசை முளைத்ததும் கட்டிப் பரணில் போட்டோம். ஜப்பானில் 1950களில் நடந்த திருப்பம் இங்கே நடக்கவேயில்லை. தொழிலாளியாகிவிட்ட வாசகனுக்காக, அவன் வாழ்க்கையையே வரையும் ஒரு கூட்டம் தமிழில் எழவில்லை. அதற்குள் மற்றவர்கள் முந்திக்கொள்கிறார்கள். இலங்கைப் போரில் சிக்கிய தமிழ்க் குடும்பத்தின் கதை 'வன்னி' என்ற பெயரில் 2019இல் அருமையான வரைகதையாக வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லின்ட்சி பொல்லாக் வரைந்தார், மொழி ஆங்கிலம். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் துயரம் முதலில் ஆங்கிலப் பலூனுக்குள்தான் பேசியது என்ற வருத்தம் அதனால் தீர்ந்துவிடாது.

இங்குள்ள சீனர்களைப் பாருங்கள். சோனி லியூவின் 'சார்லி சான் ஹாக் சாய்' 2015இல் வந்து, 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்றது. கற்பனை ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வழியாகச் சிங்கப்பூர் வரலாற்றைச் சொல்லும் அந்த நூலில், தெசூகா பாணியில் ஒரு ராட்சத எந்திர மனிதன் வருகிறான். சீன மொழியில் கட்டளையிட்டால் மட்டுமே அசைவான். நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தாலும் சீனத் தெருவின் வியர்வையும் வசவும் அதில் இருக்கின்றன. ஜப்பானிய உத்தியைக் கடன் வாங்கித் தம் ஊர்க் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

நம் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர் இந்தியர் 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காடு, 2020இல் ஏறத்தாழ 28 விழுக்காடு. பத்தே ஆண்டுகளில் இந்தச் சரிவு. பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் கட்டுரை, கருத்தறிதல், வாய்மொழித் தேர்வு. ஆசைக்குப் படிக்கவும் வரையவும் மங்கா. இரண்டும் எங்குமே சந்திப்பதில்லை. தேர்வு முடிந்த அன்றே தமிழ்ப் புத்தகத்தை மூடிவிடும் பிள்ளை, மங்காவை எவரும் சொல்லாமல் இரவு இரண்டு மணி வரை படிக்கிறது. அந்த ஆசை தமிழுக்கு வர வேண்டுமென்றால், அவர்கள் தாமாகத் தேடிப் படிக்கிற தரத்தில் தமிழ் வரைகதை அவர்கள் கையில் இருக்க வேண்டும். நீதிக்கதைக்கு ஓவியம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வயதுக்காரரை ஏமாற்ற முடியாது.

வரைய வேண்டியவை வரிசையில் நிற்கின்றன. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில், சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்புவது என்று கைபேசியில் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கும் புதுக்கோட்டைக்காரர். விடியற்காலையில் லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி வரும் கட்டுமானத் தொழிலாளர்கள். ரப்பர்த் தோட்டமும் மணல் குவாரியுமாகக் கிடந்த தெம்பனிஸ், 1992இல் உலக வாழ்விட விருது வாங்கிய நகரமாக மாறிய கதை. தேக்காவிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குக் குடிவந்த முதல் இரவில் மின்தூக்கியில் ஏறப் பயந்த பாட்டிகள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி 2014இல் இங்கே தொடங்கியது, தமிழ்த் தொழிலாளர்களும் அதில் எழுதினார்கள். கதை சொல்ல ஆளிருக்கிறது, வரையக் கை இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க ஆளில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. அதில் பெரியவர்களுக்கான வரைகதைக்கு ஒரு பட்டறை வேண்டும். எட்டு பக்கம், கறுப்பு வெள்ளை, இங்கே வாழும் ஒரு மனிதர், வண்ணமோ வழவழப்பான தாளோ வேண்டாம். சிவகாசியிலிருந்து எழுத்தமைப்பு தெரிந்த ஒருவரை வரவழைத்து, பலூனுக்குள் தமிழை உட்கார வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்கு ஒரு பகல் சொல்லித்தரச் சொல்லலாம். மாலையில் 'தட்சுமி' படத்தைப் போட்டுக் காட்டலாம். அந்தப் பக்கத்து புளோக் பெண்ணிடம் இதைச் சொன்னேன், வருகிறேன் என்றாள். தாத்தாவையும் கூட்டிவருவாளாம், தளத்து வாசல் எப்படி இருந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம்.