கம்மாலையிற் கிடந்த வேல்

புறநானூற்றின் 95ஆம் பாட்டு மிகச் சிறியது; ஒன்பதே அடிகள். ஒரு பாடவேளைக்குள் அதனைப் படிப்பித்து முடித்துவிடலாம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற தவணையில் அந்த ஒன்பது அடிகளும் என்னை மூன்று நாள் மறித்து வைத்துவிட்டன. மறித்தவர்கள் என் வகுப்பு மாணாக்கர் இருவர்.

பாட்டின் கதை யாவரும் அறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் பகை. ஔவையார் தூது செல்கின்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகின்றான். வந்தவர் மருளவேண்டும் என்பது அவன் கருத்து. ஔவையார் மருண்டவர்போலவே பார்க்கின்றார். உன் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்திருக்கின்றன, மாலை சூடியிருக்கின்றன, காம்பு திருத்தி நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையிலே வைத்திருக்கின்றாய், எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சின்னக் கொட்டிலிலே கிடக்கின்றன என்கின்றார். புகழ்ந்தவாறே பழித்தும், பழித்தவாறே புகழ்ந்தும் விட்டார். தூது சென்ற செய்தியைத் தருவது பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு; பாட்டினுள்ளே அதனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்குறிப்பு மறைந்திருந்தால் நகையிற் பாதி நமக்கு எட்டாமலே போயிருக்கும்.

இவ்வளவு சொல்லி ஏட்டை மூடப்போகையில் ஒரு பையன் எழுந்தான்.

"ஐயா, நல்ல வேல் என்றால் நுனி சிதையலாமா? சிதைந்து கம்மாலைக்குப் போவது மட்டமான வேல் அல்லவா?"

முப்பது ஆண்டுகளாக இப்பாட்டைப் படிப்பித்தவனுக்கு இந்த ஐயம் ஒருநாளும் எழுந்ததில்லை. "நாளைக்குச் சொல்லுகின்றேன், தம்பி" என்றேன். நாளைக்கு என்பது பண்டிதர்களுக்குள்ள பெரிய அடைக்கலம்.

மாலையிலே எங்கள் ஊர்க் கம்மாலைக்குச் சென்றேன். கோப்பாய் தோட்டக்காரரின் ஊர். மண்வெட்டியும் கத்தியும் கோடரியும் அங்கே குவிந்து கிடக்கும். கொல்லரிடம் பையனுடைய கேள்வியை வேலை நீக்கி மண்வெட்டியை வைத்துக் கேட்டேன். அவர் உலையிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை சொன்னார்: "மட்டமான மண்வெட்டி இங்கே வராது, வாத்தியார். அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவார்கள். திருத்தினால் இன்னும் உழைக்கும் என்று தெரிந்ததைத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள்."

உரைகளில் நான் காணாத உரை இது. கொல்லன் கொட்டிலிலே கிடந்த வேல்கள் திருத்துதற்குத் தகுதி பெற்ற வேல்கள். தொண்டைமானுடைய வேல்களுக்கு அந்தத் தகுதி உண்டோ இல்லையோ, அவனுக்கே தெரியாது. அவை இன்னும் ஒன்றையும் குத்தவில்லை.

வேல் போய்த் துவக்கு வந்த பின்னரும் இந்தச் சோதனை மாறவில்லை. துவக்கு என்பது நம் யாழ்ப்பாணத்துச் சொல். தமிழகத்தார் துப்பாக்கி என்பர். இரண்டும் துருக்கிச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை. பெயரும் பொருளும் கடல் கடந்தே வந்தன. இங்கிலாந்திலே பேமிங்காம் நகரில் 1813இல் நாடாளுமன்றச் சட்டப்படி துவக்குக் குழல்களைச் சோதிக்கும் சாலை ஒன்று நிறுவப்பட்டது. வழக்கத்தினும் மிகுதியான மருந்தை இட்டுக் குழலை வெடிக்க வைப்பர். வெடித்தும் பிளவாத குழலுக்கே முத்திரை. பழைய வேட்டைக்காரர் துவக்கு வாங்குகையில் வெள்ளிப் பூவேலையைப் பார்ப்பதில்லை. அந்தச் சின்ன முத்திரையையே தேடுவர். பீலியையும் மாலையையும் கழித்துவிட்டுப் பார் என்று ஔவையார் சொன்னதைப் பிற்காலத்தார் சட்டமாக்கினர் போலும்.

நமக்கு அண்மையிலேயே தொண்டைமான் கொட்டில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் கோட்டையைச் சொல்லுகின்றேன். 1560இல் போர்த்துக்கேயர் பீரங்கியோடு வந்து நல்லூரைப் பிடித்தனர். சங்கிலி மன்னன் எங்கள் கோப்பாய்க்குப் பின்வாங்கினான். நல்லூரைப் பிடித்த பீரங்கி நாட்டைப் பிடித்துவைக்கவில்லை. குடிகள் கிளர்ந்தெழவே வந்தவர்கள் மன்னாரோடு அமைந்தனர். 1619இலேதான் யாழ்ப்பாணம் அவர்கள் கையில் முற்றாக வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் அவர்களைக் கோட்டைக்குள்ளே மூன்று மாதத்துக்கு மேல் வளைத்திருந்தனர். மதிலைவிட முன்னே உள்ளிருந்தாரின் வயிறு தளர்ந்தது. பசியும் நோயும் கதவைத் திறந்துவிட்டன. பின்னர் ஒல்லாந்தர் பழைய கோட்டையைத் தகர்த்து ஐங்கோண வடிவிலே புதியது கட்டினர். வெளியரண்கள் 1792இலே முடிந்தன. ஐரோப்பியர் கீழைநாடுகளிலே கட்டிய கோட்டைகளுள் இது சிறந்தது என்று புகழாதார் இல்லை. மூன்றே ஆண்டில், 1795இல், அது ஒரு வெடியும் தீராமல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அத்தனை கல்லுக்கும் அத்தனை பீரங்கிக்கும் கொடுத்த விலையை யார் கணக்கிடுவது?

உழைத்துத் தேய்ந்ததே நல்ல ஆயுதம் என்று பையனுக்கு விடை சொல்லியாயிற்று. அவனும் அமர்ந்தான். மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"ஐயா, வேலைப் பற்றிய பாட்டிலே சோறு ஏன் வந்தது?"

பாட்டின் பிற்பாதியை நினைத்தே கேட்டாள். வேல் கொல்லன் கொட்டிலிலே கிடக்கின்றது என்றவுடன் பாட்டு முடியவில்லை. அந்த வேலுக்கு உரியவன் யார்? உள்ளபோது பிறர்க்குக் கொடுத்து உண்பவன். இல்லாதபோது இருப்பதை எல்லாரோடும் கூடி உண்பவன். வறியவருடைய சுற்றத்துக்குத் தலைவன். இதனை அடைமொழி என்று சொல்லிக் கடந்துபோவதே என் வழக்கம். புரவலனைப் புலவர் புகழ்வது இயல்பு. பாட்டும் பாடாண் திணை. அந்தப் பிள்ளை கேட்ட பின்னர் அப்படிக் கடக்க முடியவில்லை.

என்னை நிறுத்தியது வேறொரு நினைவு. இக்காலத்தில் ஆயுதம் விற்போர் தம் பொருளுக்குச் சொல்லும் பெரும்புகழ் என்ன தெரியுமா? "போர்க்களத்திலே சோதிக்கப்பட்டது" என்பதே. மாலையும் பீலியும் இப்பொழுது விலைபோவதில்லை. சிதைந்த நுனியே விளம்பரமாகிவிட்டது. யாரைக் குத்திச் சிதைந்தது என்று கேட்பார் இல்லை. ஔவையாருடைய முதற்பாதியை வணிகர் எடுத்துக்கொண்டனர். பிற்பாதி அவர்களுக்கு உதவாது, ஆதலின் விட்டுவிட்டனர்.

இந்தியாவின் போபர்ஸ் பீரங்கிக் கதையை எடுத்துக்கொள்வோம். 1986 மார்ச்சு மாதத்தில் 410 பீரங்கிகளை ஏறத்தாழ 1,437 கோடி ரூபாவுக்கு வாங்கச் சுவீடன் நாட்டு நிறுவனத்தோடு இந்திய அரசு உடன்படிக்கை செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், தரகுப் பணம் கைமாறியது என்று சுவீடன் வானொலி அறிவித்தது. 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் அரசே வீழ்ந்தது. பத்தாண்டு சென்று 1999இல் கார்கில் மலையிலே போர் மூண்டபோது அதே பீரங்கிகள் நன்றாக வேலை செய்தன என்று படைத்தலைவர்கள் பாராட்டினர். நல்ல பொருள், கெட்ட பேரம். பீரங்கி நல்லதாதலின் கொடுத்த விலை தகும் என்பாரும் உளர். நான் உடன்படேன். கொல்லருடைய சோதனையிலே அது தேறிற்று, ஐயமில்லை. கொடுத்து உண்ணுகின்ற கை வாங்கிற்றா என்பதன்றோ பிள்ளை கேட்ட கேள்வி?

மலிவான ஆயுதத்தின் கதை இதனிலும் கொடியது. நம் மண்ணிலே புதைந்த மிதிவெடியைவிட மலிவானது வேறில்லை. மரப்பெட்டிக்குள் மருந்தை அடைத்து இங்கேயே செய்த ஜொனியும் உண்டு. படையினர் புதைத்த பாகிஸ்தான் நாட்டுப் பி4உம் உண்டு. இரு பக்கத்தாரும் அதன் மலிவைக் கண்டே மகிழ்ந்தனர். காவலாள் வேண்டாம், சம்பளம் வேண்டாம், உறங்காது, பசிக்காது. மிதிவெடி ஒன்றைச் செய்ய 3 முதல் 30 டொலர் செல்லும், அதனை மண்ணிலிருந்து எடுக்க 300 முதல் 1,000 டொலர் செல்லும் என்பது ஐக்கிய நாடுகள் சபையார் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. போர் 2009இலே முடிந்தது. மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 திசம்பரில். இடையிலும் பின்னும் மண்ணுக்குள் இருந்தது தன் வேலையை மறக்கவில்லை. அதற்கு யார் அரசன், யார் பகைவன், போர் முடிந்ததா என்பதெல்லாம் தெரியாது. மாடு மிதித்தாலும் ஒன்று, பிள்ளை மிதித்தாலும் ஒன்று.

1995 ஒக்தோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அந்த மழையிலே நடந்தவன். ஒரு பாயும் ஒரு பானையும் நன்னூல் ஒன்றும் கையில் இருந்தன. மறு ஆண்டு திரும்பிவந்து எங்கள் வளவைக் கொத்தத் தொடங்கியபோது மண்வெட்டியிலே சன்னக்கோதுகள் சலசலத்தன. என் தாயார் அவற்றைப் பொறுக்கி ஒரு பழைய கடகத்திலே போட்டுவைத்தார். பித்தளை நல்ல விலை போகும் என்று ஒருவர் கேட்டு வந்தார். "இதற்கு ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்று, தம்பி, சும்மா கொண்டுபோ" என்று தாயார் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகவே பட்டது.

பிள்ளையின் கேள்விக்கு நான் சொன்ன விடை இது: வேல் நல்லதா என்று பார்க்க ஔவையார் முதலிலே கொல்லன் கொட்டிலுக்குப் போனார், அங்கே நிற்கவில்லை, அடுத்து வேலுக்கு உரியவனுடைய அடுக்களைக்குப் போனார். அங்கே வறியவனுக்கு இலை போட்டிருந்தது. அதன் பிறகே அந்த வேலுக்குக் கூர்மையைச் சொன்னார். அந்தச் சொல் பாட்டின் கடைசி அடியிலேதான் வருகின்றது.

அவள் சற்று நேரம் ஏட்டைப் பார்த்தாள். "அப்படியானால் தொண்டைமான் வீட்டு அடுக்களையை ஔவையார் பார்க்கவில்லையா, ஐயா?" என்றாள்.

பாட்டிலே அதற்கு விடை இல்லை. ஆயுதம் காட்டியவன் சோறு போட்டானா என்பதைப் பழைய குறிப்பும் சொல்லவில்லை. முகமாலையிலே முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டும் பெண்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். நாள் முழுதும் முயன்று ஒருத்தி துப்புரவாக்குவது ஒரு வீட்டு முற்றமளவு நிலமே. துப்புரவான இடத்திலே தென்னம்பிள்ளை நடுகின்றார்கள். வகுப்பிலே ஒரு பையனுடைய பெரியதாயார் அந்த வேலையிலே இருக்கின்றாராம். அவன் அதனை அன்றைக்குத்தான் சொன்னான்.