வெயிலில் காயும் தோல் இருக்கைகள்

எங்கள் பகுதியில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஒரு தையல் இயந்திரத்தைக் காணலாம். 2009 இற்குப் பின்னர் வாழ்வாதார உதவி என்றாலே தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, ஆடு என்றுதான் நெடுங்காலம் வந்தது. ஒரே ஒழுங்கையில் ஆறு பேர் சட்டை தைத்தால் தைப்பிக்க யார் வருவார்கள்? திட்டம் வகுப்பவர்கள் இதைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் இரண்டு சகோதரிகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். முச்சக்கரவண்டிகளுக்கும் வான்களுக்கும் இருக்கை உறை தைக்கிறார்கள். மூத்தவர் கணவரைத் தேடிக்கொண்டே இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவர் என்னிடம், "அக்கா, இப்ப லெதர் சீற் வாகனமும் கொண்டு வருகினம். தொடவே பயமாக் கிடக்கு. ஒண்டு பழுதாப் போனா அந்தக் காசுக்கு நாங்கள் எங்க போறது?" என்று கேட்டார். நியாயமான பயம். தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை அவருக்காகவும் அவரைப் போன்ற உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இறக்குமதி திறந்த பின்னரும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால், பழைய வாகனத்தின் இருக்கையைத் திருத்துவதே பலருக்குக் கட்டுப்படியாகும்.

நனைந்த தோற்செருப்பை வெயிலில் வைத்தால் அப்பளம் போல முறுகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். இருக்கைக்கும் இதுவே மெல்ல மெல்ல நடக்கிறது. பதனிட்ட தோலின் நார்களுக்கிடையே ஈரப்பதனும் கொழுப்பும் இருப்பதால்தான் அது வளைந்து கொடுக்கிறது. வெப்பம் அவற்றை வற்றச் செய்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் மேற்பூச்சையும் சாயத்தையும் தின்கிறது. வெளியே 35 பாகை செல்சியஸ் என்றால் பூட்டிய வாகனத்தினுள் ஒரு மணித்தியாலத்தில் 50 பாகையைத் தாண்டிவிடும். கண்ணாடியைச் சற்றுத் திறந்து விடுவதாலும் பெரிய பலனில்லை. (வேலை செய்யும்போது உங்கள் பிள்ளையை வாகனத்தினுள் நித்திரையாக்கி விட்டுப் போகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கென்றாலும் வேண்டாம்.)

முதலில் அது உண்மையில் தோல்தானா என்று பாருங்கள். உட்காரும் நடுப்பகுதி மட்டும் தோலாகவும் ஓரங்களும் பின்புறமும் றெக்சினாகவும் இருக்கும் வாகனங்கள் ஏராளம். ஓரத்தைப் புரட்டினால் தோலின் அடியில் நார் தெரியும், றெக்சினின் அடியில் துணி தெரியும். தோல் என்றால், மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். துளி அப்படியே நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். இப்போதைய வாகனங்களில் பெரும்பாலும் அதுதான். நீரை உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல். அதில் கறை இலகுவில் பிடிக்கும், கூடுதல் கவனம் வேண்டும்.

துப்புரவு செய்ய முன் மென்மையான தூரிகையால் மண்ணை அகற்ற வேண்டும். எங்கள் செம்மண் தூசி உள்ளே இருக்கத் துடைத்தால் அதுவே அரத்தூள் போல் பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு இளகிய சவர்க்கார நுரையைத் துணியில் எடுத்துத் துடைத்து, வேறொரு ஈரத்துணியால் சவர்க்காரத்தை எடுத்து, நிழலில் காயவிடுங்கள். தலை சாயும் இடத்தில் தலையெண்ணெயும் வியர்வையும் படிந்திருக்கும். அதை இரண்டாம் முறையும் துடைக்க வேண்டி வரலாம். மண்ணெண்ணெய், பெற்றோல், பிளீச் எதுவும் கிட்ட வரக்கூடாது.

தேங்காயெண்ணெய் பூசினால் பளபளக்கும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பூச்சுள்ள தோலினுள் அந்த எண்ணெய் போகாது. மேலே பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, சிக்கு மணம் கிளம்பி, கலியாண வீட்டுக்குப் போகிறவரின் வேட்டியில் கறையாகும். தோலுக்கென்று விற்கும் களிம்பை வருடத்தில் இரண்டு மூன்று தடவை, இருக்கை குளிர்ந்திருக்கும்போது மெல்லியதாகப் பூசினால் போதும்.

வாகனக்காரருக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். கிடுகுக் கொட்டில் ஒன்று மரநிழலிலும் மேல், காக்கை எச்சமும் விழாது. வெயிலில்தான் நிறுத்த வேண்டும் என்றால் முன்கண்ணாடிக்கு மறைப்பும் இருக்கைக்கு வெளிர்நிறப் பருத்தி விரிப்பும் போடலாம். இந்த விரிப்பைச் சாதாரண தையல் இயந்திரத்திலேயே தைத்து விற்கலாம், அது உங்களுக்கு இன்னொரு வருமானம். பொலித்தீன் உறை வேண்டாம். மாரியில் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

தோலைத் தைப்பது சட்டை தைப்பதல்ல. துணியில் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம், தோலில் விழுந்த ஊசித் துளை மூடாது. எனவே குண்டூசிக்குப் பதிலாகக் கிளிப் பிடியுங்கள். தோலுக்குரிய கூர்முனை ஊசியும் நைலோன் அல்லது பொலியெஸ்டர் நூலும் தேவை. தையலை நெருக்கமாகப் போட்டால் முத்திரை ஓரம் போல அந்த வரியிலேயே கிழியும், மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். வீட்டுத் தையல் இயந்திரம் இதற்குத் தாங்காது. ஆனால், பெரிய இயந்திரம் வாங்குவதற்காக வாரத்தவணை நுண்கடனில் விழாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். அந்தக் கடனால் வீட்டை விட்டு ஒளித்திருந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். துப்புரவு வேலையும் விட்டுப்போன தையலைப் பழைய துளைகளிலேயே கையால் கோர்க்கும் வேலையும் தொடக்கத்துக்குப் போதும்.

இருக்கையின் பக்கவாட்டில் எயர்பாக் என்ற அடையாளம் இருந்தால் அந்தப் பக்கத்துத் தையலில் கை வைக்காதீர்கள். விபத்தின்போது அந்தத் தையல் கிழிந்து பை வெளியே வரவேண்டும். அதை உறுதியான நூலால் தைத்தாலோ, இறுக்கமான உறையால் மூடினாலோ உயிருக்கு ஆபத்து. உரிமையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

வேலையை ஏற்குமுன் உரிமையாளர் நிற்கும்போதே இருக்கையின் வெடிப்பு, கீறல், கறை எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, ஒரு கொப்பியில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். அந்தச் சகோதரி இப்போது நாற்பது பக்கக் கொப்பியொன்றை இதற்கென்றே வைத்திருக்கிறார்.