திருகுபுரியும் பற்சில்லும்: பழைய கடைசல் யந்திரம் பற்றிய ஒரு குறிப்பு

உற்பத்திக் கருவிகள் பற்றி நிறைய எழுதும் நாம், அவற்றைக் கையாளக் கற்பது அரிது. பழைய உலோகக் கடைசல் யந்திரமொன்றின் பற்சில்லுகளைப் பழகத் தொடங்கியபோதே இக்குறை எமக்கு உறைத்தது. அப்பயிற்சி எழுப்பிய சில சிந்தனைகளை இங்கு நோக்குவோம்.

யந்திரத்தின் தத்துவம் எளிது. கதிர் வேலைப்பொருளைச் சுழற்றுகின்றது. யந்திரத்தின் நீளத்துக்கு அமைந்த வழிகாட்டித் திருகு, வெட்டுளியைத் தாங்கும் பகுதியை நகர்த்துகின்றது. இவ்விரண்டையும் இணைப்பன கழற்றி மாற்றத்தக்க பற்சில்லுகள். கதிர் ஒருமுறை சுழலும்போது உளி நகரும் தூரமே வெட்டப்படும் புரியின் இடைத்தூரமாகும்.

வழிகாட்டித் திருகில் அங்குலத்துக்கு 8 புரிகள் உள்ளன எனக் கொள்வோம். அங்குலத்துக்கு 20 புரிகள் வெட்டவேண்டுமாயின், கதிர் 20 முறை சுழலும்போது திருகு 8 முறை சுழலவேண்டும். 8:20 என்பது 30:75 ஆகும். எனவே கதிரின் பக்கத்தில் 30 பற்களும், திருகின் பக்கத்தில் 75 பற்களும் கொண்ட சில்லுகளைப் பூட்டவேண்டும். நடுவில் வரும் இணைப்புச் சில்லு இடைவெளியை நிரப்பும், திசையைத் தீர்மானிக்கும், விகிதத்தை மாற்றாது.

எமது முதல் முயற்சியில் இரு சில்லுகளையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டோம். தாளில் கணக்குச் சரியாகவே இருந்தது. உளியோ பாய்ந்தோடியது, 20 புரிகள் விழவேண்டிய ஓர் அங்குலத்தில் மூன்றுக்குச் சற்று அதிகமானவையே விழுந்தன. அருகில் நின்ற முதிய தொழிலாளி, "தம்பி, முதலில மெல்லக் கீறிப் பாரும், எண்ணிப்போட்டு வெட்டும்" என்றார். மயிரிழைக் கீறலொன்றை இட்டு, அடிமட்டத்தை வைத்து எண்ணியபின்பே ஆழ வெட்டவேண்டும் என்பது அவரது பாடம். கோட்பாட்டை நடைமுறையில் சோதித்தல் பற்றிப் பல பக்கங்கள் எழுதிய எமக்கு அதனை அவரே கற்பித்தார்.

மில்லிமீற்றர்ப் புரிகளை வெட்டுவதற்கு 127 பற்கள் கொண்ட சில்லு வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதன் ஐந்து மடங்கு 127. இது பகா எண்ணாதலால் இதிலும் சிறிய சில்லினால் மிகச் சரியான மாற்றீடு இயலாது. மேற்கூறிய யந்திரத்தில் 1 மில்லிமீற்றர்ப் புரிக்கு உரிய விகிதம் 40:127. இரு அளவைமுறைகளின் வரலாற்று முரண்பாடு இவ்வொரு சில்லில் திரண்டு நிற்கின்றது எனலாம்.

மாற்றுச் சில்லுகள் தனியொரு மேதையின் திடீர்ப் படைப்பல்ல. ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களிலேயே அவற்றைத் திருகு வெட்டப் பயன்படுத்தினார். ஜோசப் பிராமாவின் பூட்டுப் பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மோட்ஸ்லே, கூலி உயர்வு மறுக்கப்பட்டமையால் 1797இல் விலகி, இலண்டனில் சொந்தப் பட்டறை அமைத்தார். 1800 அளவில் அவர் உருவாக்கிய யந்திரம் சறுக்குத் தாங்கி, வழிகாட்டித் திருகு, மாற்றுச் சில்லுகள் ஆகியவற்றைத் திண்ணிய உலோக உடலில் ஒன்றிணைத்தது. 'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) மோட்ஸ்லேயின் சறுக்குத் தாங்கியைக் குறிப்பிடும் மார்க்ஸ், அது பதிலீடு செய்தது ஏதோவொரு கருவியை அன்று, மனிதக் கையையே என்பார்.

கையின் திறன் யந்திரத்துள் புகுந்தது. ஆயின் விகிதம் பற்றிய அறிவு தொழிலாளியிடமே எஞ்சியது. 1892இல் நோர்ட்டன் காப்புரிமை பெற்ற விரைவுமாற்றுப் பற்சில்லுப் பெட்டி அதனையும் நெம்புகோலுக்குள் அடக்கியது. இன்று கணினி அதனைச் செய்கின்றது. உழைப்பின் சுமை குறைவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவ்வறிவு யாருடைய உடைமையாகின்றது என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. தலையையும் கையையும் பிரித்துவைத்த சமூகத்தில் அதற்கான விடையைத் தலை மட்டும் கண்டுவிட முடியாது. கீறலையிட்டு எண்ணிப் பார்ப்பவர்களோடு சேர்ந்தே அதனைத் தேடவேண்டும்.