படமே இல்லாத பெரிய ஆச்சிக்கு ஒரு பக்கம்



கோலம், கூடை பின்னுவது, எம்ப்ராய்டரி என்று எத்தனையோ கைவேலைகளைப் பற்றிப் படிக்கிறோம், செய்தும் பார்க்கிறோம். ஆனால் 'ஸ்கிராப் புக்' என்றால் மட்டும், "அது பிள்ளைகளோட ஸ்கூல் வேலை" என்று ஒதுக்கிவிடுகிறோம். கடையில் தலைவர்கள் படம், பறவைகள் படம் வாங்கி, கத்தரித்து ஒட்டி, டீச்சரிடம் மார்க் வாங்கியதும் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடும். உண்மையில் இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. அதிலும் வீட்டின் பழைய கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம்தான் செய்யவேண்டும் என்பது என் கருத்து.

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் தாமே ஒரு ஸ்கிராப் புக் பைத்தியம். பசை தேடி அலுத்துப்போய், தண்ணீர் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும்படி பக்கங்களில் முன்பே பசை தடவிய நோட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, 1873-ல் காப்புரிமையும் வாங்கினார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று பிறர் தூக்கிப் போடுவதையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஆகவே, "எதுக்கு இந்தக் குப்பை?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்!

ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்பதை, எங்கள் வீட்டில் நாங்கள் செய்த ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

என் மாமியாரின் அம்மாவுக்கு எங்கள் வீட்டில் 'பெரிய ஆச்சி' என்று பெயர். அவர்களுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அத்தையிடம் கேட்டேன். "எங்க அம்மைக்கு ஏது போட்டோ? படம் பிடிச்சா ஆயுசு குறைஞ்சிரும்னு, கேமராவைக் கண்டாலே அடுக்களைக்குள்ள போயிருவா" என்றார்கள். வீட்டு ஆல்பத்தில் தாத்தாவுக்கு நாலு படம். பெரிய ஆச்சி இருந்ததற்கு அடையாளமே இல்லை. படம் இல்லாதவருக்கு எப்படிப் பக்கம் போடுவது? அதனாலேயே முதல் பக்கம் அவருக்குத்தான் என்று நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் முடிவு செய்தோம்.

முதல் வேலை, தேடிச் சேர்ப்பது. இந்தக் கட்டத்தில் 'இது நல்லாயிருக்குமா' என்று யோசிக்கவே கூடாது. கிடைப்பதை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் போட்டு வையுங்கள். அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து எங்களுக்குக் கிடைத்தவை: பெரிய ஆச்சியின் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு, அத்தையின் கல்யாணப் பத்திரிகை, அத்தை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது 1966-ல் எடுத்த குரூப் போட்டோ, பெரிய ஆச்சியின் சுருக்குப் பை. அந்தப் பைக்குள் எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

பிரித்துப் பார்த்தால், வட்டிக்கடைச் சீட்டு! ஒரு ஜோடி பாம்படம், ரூ.150, வருடம் 1964. மேலே பெரிய ஆச்சியின் பெயர் முழுதாக எழுதியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட தாத்தா பெயர்தான். ஆச்சி பெயர் இல்லை. எங்களிடம் இருக்கும் காகிதங்களில் அவர் பெயர் உள்ளது இது ஒன்றுதான்.

அத்தை சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பயிற்சிப் பள்ளிக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கட்ட, காதில் கிடந்த பாம்படத்தை அம்மா கழற்றிக் கொடுத்தது அவர்களுக்குத் தெரியும். வேலை கிடைத்து, முதல் சம்பளத்திலிருந்தே மணியார்டர் அனுப்பி, நகையைத் திருப்பச் சொன்னார்கள். "திருப்பியாச்சு, இனிமே எனக்கெதுக்கு, உள்ள வச்சிருக்கேன்" என்று அம்மா சொன்னதை இத்தனை வருடமும் நம்பியிருந்தார்கள். நகையைத் திருப்பியிருந்தால் சீட்டு கடைக்காரரிடம் அல்லவா போயிருக்கும்? சீட்டு நம் கையில் இருக்கிறது என்றால், நகை வரவே இல்லை என்றுதானே அர்த்தம்! அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள். அன்று அதோடு வேலையை நிறுத்திவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். "ஒட்டுதது ஒட்டுதிய, இதையே ஒட்டுங்க" என்றார்கள்.

அடுத்த வேலை, இந்தப் பக்கம் எதைப் பற்றி என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது. 'பெரிய ஆச்சியைப் பற்றி' என்றால் போதாது. அவர் பெற்றதும் வளர்த்ததும் சமைத்ததும் ஒரு பக்கத்தில் அடங்காது. 'பெரிய ஆச்சி பாம்படத்தைக் கொடுத்து மகளைப் படிக்க வைத்தார்.' இதுதான் எங்கள் வாக்கியம். இது கிடைத்த பிறகு, எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிட்டது. சேலைத் துண்டு அழகுதான். ஆனால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. தடிமனாக இருப்பதால் அடுத்த பக்கத்திலும் அழுந்தும். அதை வேறு பக்கத்துக்கு எடுத்து வைத்தோம். கல்யாணப் பத்திரிகையும் அப்படியே.

பிறகு, பசையைத் தொடாமல் அடுக்கிப் பார்ப்பது. இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்க வேண்டும். முதலில் குரூப் போட்டோ பெரிதாக இருக்கிறதே என்று என் மகள் அதை நடுவில் வைத்தாள். பார்த்தால், அது அத்தையின் பக்கம் மாதிரி ஆகிவிட்டது. போட்டோவை ஓரத்துக்குத் தள்ளி, சீட்டை நடுவில் வைத்தோம். அப்போது ஏதோ கோர்ட் கேஸ் கட்டு மாதிரி இருந்தது! யாருடைய சீட்டு, எதற்கு என்று பார்ப்பவருக்குப் புரியாது.

அப்போது என் மகள், "ஆச்சி, பாம்படம்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். இந்தக் காலத்துப் பெண், பார்த்ததே இல்லை. அத்தை பென்சிலை வாங்கி, உருண்டை, கட்டம், முக்கோணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தார்கள். தோள்வரை தொங்கும் காதையும் வரைந்தார்கள். பக்கத்திலேயே அதே காது, நகை இல்லாமல். "எனக்கு ஞாபகம் இருக்கிறது இந்தக் காதுதான். தலை அசைஞ்சா வெறுங்காது ஆடும்" என்றார்கள். நாங்கள் தேடிக்கொண்டிருந்த படம் அதுதான்.

கண் இடமிருந்து வலமாகத்தானே படிக்கிறது? அதனால் இடப்பக்கம் காதுப் படம், நடுவில் சீட்டு, வலப்பக்கம் குரூப் போட்டோ என்று வைத்தோம். கதை வரிசையாக வந்துவிட்டது. என் மகள் வாங்கி வந்திருந்த பூ ஸ்டிக்கர், ஜிகினா எதுவும் தேவைப்படவில்லை. சுற்றிலும் நிறைய இடத்தைக் காலியாக விட்டோம். காலி இடம் இருந்தால்தான் முக்கியமானது கண்ணில் படும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சிக்கல். விஷயம் கேள்விப்பட்டு அத்தையின் தம்பி, என் கணவரின் தாய்மாமா, போன் செய்தார். "யக்கா, வட்டிக்கடைச் சீட்டையா எல்லாரும் பாக்க ஒட்டுவாவ? அப்பாவுக்குச் சம்பாத்தியம் இல்லன்னுல்லா ஆயிரும்!" என்று சத்தம் போட்டார். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்தைப் பார்த்தார், காதுப் படத்தைப் பார்த்தார். கோபம் எங்கே போனதோ! "மாசாமாசம் டவுணுக்கு நடந்து போயி வட்டி கட்டினது நான்தான். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. கடைசியில கட்ட முடியல, முழுகிப் போச்சு. அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மை சத்தியம் வாங்கிட்டா. நீ அனுப்பின ரூபா என் பள்ளிக்கூடத்துக்குத்தான் போச்சு" என்றார். அத்தைக்கும் அவருக்கும் இடையில் அதுவரை பேசப்படாத பேச்சு அது.

சீட்டையும் ஒட்டவேண்டும், மாமாவின் மனமும் நோகக்கூடாது. என்ன செய்வது? பழுப்புத் தாளில் சின்ன உறை செய்து பக்கத்தின் நடுவில் ஒட்டி, சீட்டை அதற்குள் வைத்தோம். புரட்டுகிறவர்களுக்கு உறை மட்டும் தெரியும். விருப்பப்பட்டவர்கள் எடுத்துப் படிக்கலாம். வெளிச்சம் படாததால் சீட்டுக்கும் நல்லது. மாமா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: "வட்டி கட்ட நடந்தது நான்னு எழுதணும்!"

கடைசியாக எழுத்து. படங்களை ஒட்டிவிட்டு எழுதாமல் விட்டால், இருபது வருடம் கழித்து அது யாரோ, எவரோ. என் மகள் 'தியாகத்தின் திருவுருவம்' என்று ஆரம்பித்தாள். "ஏட்டி, இது மேடைப் பேச்சால்லா இருக்கு! அம்மை சொன்னதை எழுது" என்றார்கள் அத்தை. பிறகு தாமே பேனாவை வாங்கி, வாத்தியாரம்மா கையெழுத்தில், பெரிய ஆச்சியின் முழுப் பெயரை எழுதினார்கள். அதன் கீழே, பணம் கட்டிய அன்று அவர் சொன்னது: 'காது சும்மா கெடந்தா என்ன, புள்ள படிக்கட்டும்.' அதற்கும் கீழே, வட்டி கட்ட நடந்த தம்பியைப் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, கதைக்கு உரியவர் கையாலேயே எழுத வையுங்கள். அதுவும் ஒரு நினைவுதானே!

செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* போட்டோவையும் பழைய காகிதத்தையும் பசை போட்டு ஒட்டாதீர்கள். நாலு மூலைக்கும் காகித முக்கோணம் ஒட்டிச் செருகினால், வேண்டும்போது எடுக்கலாம். செலோடேப் நாளாக ஆகப் பழுத்து, கறை விட்டுவிடும். பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பங்களும் போட்டோவுக்கு ஆகாது.

* செய்தித்தாள் மரக்கூழில் செய்தது; வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகி நொறுங்கும். நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கடையில் மெஷினில் வரும் பில்லும் டிக்கெட்டும் வெப்பத்தில் அச்சாவதால், சீக்கிரமே எழுத்து மறைந்துவிடும். அதையும் உடனே ஜெராக்ஸ் எடுங்கள்.

* போட்டோவின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால் லேசாக எழுதுங்கள்.

* மைதாப் பசையைத் தவிருங்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. நோட்டு வைக்கும் இடத்தில், துணியில் முடிந்த வசம்பை, தாளில் படாமல் வையுங்கள். ஓலைச்சுவடிகளைக் காக்க நம் முன்னோர் பயன்படுத்திய பொருள்தான்.

* முடிந்த பக்கத்தை செல்போனில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்புங்கள். ஒருவரிடம் இல்லாத தகவல் இன்னொருவரிடம் இருக்கும்.

பெரிய ஆச்சியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது, அது போதும். உங்கள் வீட்டிலும் பெயர் எழுதப்படாத ஒரு பாட்டி இருப்பார். அவரைப் பற்றிச் சொல்ல இன்று யாராவது ஒரு பெரியவர் இருப்பார். நாளைக்கும் இருப்பார் என்பது நிச்சயமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுப்படி வேலை முடிந்ததும், ஒரு பென்சிலோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள் சகோதரிகளே. பசையும் கத்தரிக்கோலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.